பதினெட்டாவது இடத்துக்கு வேண்டிய துயரம்

இருநூறு கெஜம் பட்டாம்பூச்சி நீச்சலில் நானும் ரென்னாவும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டோம். இரண்டு நிமிடம், பூஜ்யம் புள்ளி நான்கு ஒன்று. மின்பலகையில் என் பெயருக்கு எதிரே நின்ற அதே எண்கள் அவள் பெயருக்கு எதிரேயும் நின்றன. ஒரு வினாடியை நூறாக வெட்டியும் எங்களுக்குள் ஒரு துண்டு வித்தியாசம் வரவில்லை.

அது ஜனவரிக் கடைசி. பிப்ரவரி மூன்றாம் வாரம் மண்டலப் போட்டி. ஒரு பல்கலைக்கழகம் பதினெட்டுப் பேரைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். பதினேழு பெயர்கள் கோச் ஸ்டென்னின் அறைக் கதவில் ஏற்கெனவே ஒட்டியிருந்தன. பதினெட்டாவது எங்கள் இருவரில் ஒருத்தி. இருவருக்கும் இதுதான் கடைசி வருடம். முந்தைய மூன்று வருடமும் நான் பத்தொன்பதாவதாக இருந்தேன்.

இப்படிச் சமமாக வந்தால் என்ன செய்வது என்று நீச்சல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இருபது நிமிடம் ஓய்வு. பிறகு அந்த இருவர் மட்டும் இறங்கி மறுபடி நீந்த வேண்டும். முதலில் தொட்டவள் போவாள். கோச் ஸ்டென் விசிலைத் தேடிக்கொண்டிருந்தார். நான் நீச்சல் கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது டாக்டர் விக்கம் குளத்தோரமாக நடந்து வந்தார். பளபளப்பான காலணிக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்.

"மறுபடி நீந்தச் சொல்றீங்களா, ஸ்டென்? தோக்கற பொண்ணு மனசு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யாராவது ஒருத்தி தோத்துத்தானே ஆகணும்?" என்றார் கோச்.

"தாராளமா தோக்கட்டும். ஆனா தண்ணியில வெச்சு வேண்டாம். அது மனசை பாதிக்கும். மாடியில என் ஆபீஸ்ல வெச்சு முடிவு பண்ணிக்கலாம்."

டாக்டர் விக்கம் எங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வீரர் அகப்பயண அலுவலகத்துக்கு இயக்குநர். அதற்கு முன்பு அறுவடை இயந்திரங்களுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மல்யுத்த வீரன் ஒருவன் தோற்றுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தன் அப்பாவைப் பற்றிப் பேசி அழுதான். அந்த வீடியோவை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த வருடம் நாங்கள் எந்த விளையாட்டிலும் எதையும் வெல்லவில்லை. இருந்தும் சேர்க்கைக்கு விண்ணப்பங்கள் இரண்டு மடங்காக வந்தன. அடுத்த மாதமே அகப்பயண அலுவலகம் திறக்கப்பட்டது.

குளத்துக்கு மேல் இரண்டாம் மாடியில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே இருந்த மனநல ஆலோசகரின் அறை படப்பிடிப்பு அறையானது. ஆலோசகர் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பங்கள் வைத்திருந்த இடத்துக்கு மாறினார். அவரைப் பார்க்க ஏழு வாரம் காத்திருக்க வேண்டும். படப்பிடிப்புக்கு அன்றே போகலாம்.

மறுநாள் எங்கள் இருவருக்கும் படிவம் வந்தது. பன்னிரண்டு பக்கம். முகப்பில் டாக்டர் விக்கம் எழுதியிருந்தார்: "ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாலும் ஒரு வலி உண்டு. வலி இல்லாதவர்கள் தங்கள் வெற்றியைப் பற்றி ஒரு முறை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

உள்ளே அட்டவணை. அதிகப் புள்ளி பெறுகிறவளுக்குப் பதினெட்டாவது இடம். பெற்றோர் மறைவு முப்பது புள்ளி. உடன்பிறந்தார் மறைவு இருபத்தைந்து. பெற்றோர் மணமுறிவு பன்னிரண்டு, பிரியாமல் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் பதினான்கு. அறுவை சிகிச்சை மூட்டு ஒன்றுக்குப் பத்து. சாப்பாட்டு வெறுப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எல்லாவற்றுக்கும் தனித்தனி வரிசை. செல்லப் பிராணி கண் முன்னால் இறந்திருந்தால் இரண்டு. கடைசி வரிசை 'இதர'. அதற்குக் குழுவின் விருப்பப்படி நாற்பது வரை.

நான் வேதியியல் மாணவி. அளவுகள் எனக்குப் பழக்கம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் பூஜ்யம் வந்தது.

வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"அம்மா, நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது எனக்கு ஏதாவது கெட்டது நடந்துச்சா?"

"ஏன்டி, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அதான் பிரச்சினை."

நான் அட்டவணையைப் படித்துக் காட்டினேன். அம்மா நடுவிலேயே நிறுத்தினாள்.

"உன்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருப்போமா? எத்தனை போட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்து உக்காந்தோம். பனியில டயர் சறுக்கி வயலுக்குள்ள போயும் வந்தோம்."

"அதைத்தான்மா சொல்றேன். அதுக்கெல்லாம் பாயிண்ட் இல்ல."

அப்பா போனை வாங்கினார். அவருக்கு விதைக்கடை. எந்தப் பிரச்சினைக்கும் கையில் ஒரு வழி வைத்திருப்பார்.

"கண்ணு, மணமுறிவுக்கு பன்னிரண்டுன்னா சொன்னே? வேணும்னா நானும் உங்கம்மாவும் ஒரு மாசம் தனித்தனியா இருந்து பாக்கறோம். கராஜ்ல ஹீட்டர் போட்டிருக்கேன், படுத்துக்கலாம்."

"போட்டிக்குள்ள கோர்ட்டு பேப்பர் வராதுப்பா."

"அப்ப சண்டை போட்டா? அதுக்குத்தான் இன்னும் ரெண்டு கூட இருக்கே."

"மார்வின், போனை குடு," என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர்களால் பதினான்கு புள்ளிக்கு ஒருநாளும் வர முடியாது என்று எனக்குப் புரிந்தது.

"பூனை செத்துச்சே," என்றாள் அம்மா கடைசியாக. "பட்டன்."

"கண் முன்னால செத்திருக்கணும்மா."

"அது டாக்டர் வீட்டுல போச்சு. நீ அன்னிக்கு நீச்சல் போட்டியில இருந்தே." கொஞ்சம் யோசித்தாள். "ஜெயிச்சுட்டு வந்தே."

புள்ளி குறைந்தவர்களுக்காகச் செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு வகுப்பு இருந்தது. கோச்சின் பயிற்சி நேரத்தைக் குறைத்து அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வகுப்பு எடுத்தவள் கார்லா. டாக்டர் விக்கமுக்கு அடுத்த அதிகாரி. நாங்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

"பேசிக்கிட்டே வரும்போது நடுவுல நிறுத்தணும்," என்றாள் கார்லா. "ஒரு மூச்சு. அப்புறம் இடது பக்கமா கீழ பாக்கணும். கேமரா அங்கதான் இருக்கும். மறுபடி நிமிரும்போது கண்ணு பளபளன்னு இருந்தாப் போதும். வழிய வேண்டாம். வழிஞ்சா மைக் நனையுது."

எனக்குப் பக்கத்தில் கோல்ஃப் அணிப் பையன் ஒருவன். அவன் அப்பா அவனுடைய ஆட்டத்தைப் பார்க்க ஒருமுறைகூட வந்ததில்லையாம்.

"ஒரு தடவைகூடவா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவைகூட இல்ல," என்றான். பதக்கத்தைக் காட்டுகிறவன்போல நெஞ்சு நிமிர்ந்தது. "பக்கத்துத் தெருவுலதான் இருக்கார்."

எதிரே இருந்த கைப்பந்துப் பெண்ணின் இரண்டு முழங்கால்களிலும் வெள்ளைத் தழும்புகள் நீளமாக இறங்கின. மூட்டு ஒன்றுக்குப் பத்து. பசிக்கிறவள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கேக்கைப் பார்ப்பதுபோல வகுப்பு முடியும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கால்மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இனி ரென்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே சமையலறை, ஒரே கார். காலை ஐந்தரைக்கு அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவுவேன். அவள் தோள்கள் அகலம். தண்ணீரில் அவள் கைகள் மேலே வரும்போது சத்தமே வராது. எனக்கு வரும். அவள் எதையாவது மறந்தால் யாராவது எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். நான் மறந்த பொருள்கள் தொலைந்தவை பெட்டியில் கிடக்கும்.

இரண்டாம் வருடம் அக்டோபரில் அவளுடைய அண்ணன் இறந்துபோனான். அவர்கள் வீட்டுத் தானியக் கிடங்கில் சோளம் சரிந்து மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா போன் செய்வாள். பேசி முடித்த பிறகு ரென்னா காரை விட்டு இறங்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். நான் ஜன்னலில் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல அடுப்புப் பக்கம் போய்விடுவேன்.

இருபத்தைந்து புள்ளி. தோள்பட்டைக்குத் தினமும் பனிக்கட்டி வைப்பதால் மேலும் இரண்டு. நான் ஒரே பிள்ளை. எனக்குச் செத்துப்போக யாரும் இல்லை.

அவளுடைய படிவம் சமையலறை மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு பக்கமும்.

"உடன்பிறந்தார்ங்கற இடத்துல இல்லைன்னு போட்டிருக்கே," என்றேன்.

"ஆமா."

"ஏன்டி? அதை எழுதினா போதுமே. நான் கிட்டக்கூட வர முடியாது."

அவள் சாக்லேட் பாலை நின்றபடி குடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்தாள்.

"எங்க அண்ணன் என் போட்டிக்காக சாகல, ஹெட்டி."

அதன் பிறகு எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் இருந்தது என்னிடம் இல்லை. இருந்ததையும் அவள் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாமலே என்னைவிட நல்லவளாக ஆகிவிட்டாள்.

எங்களுக்குப் புள்ளி போடும் விசாரணை புதன்கிழமை பதினொரு மணிக்கு. டாக்டர் விக்கம், கார்லா, பழைய மாணவர் சங்கத் தலைவர் என்று மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மூலையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் நாரை நின்றது. நாரை எங்கள் அணிச் சின்னம். விளையாட்டரங்கில் ஒரு மாணவன் அந்த உடையை மாட்டிக்கொண்டு குதிப்பான். விசாரணையில் மனம் உடைகிறவர்களுக்குத் துணையாக ஒரு நாரை இருக்க வேண்டும் என்று புதிய விதி. உடைக்குள் இருக்கும்போது பேசக்கூடாது என்பது பழைய விதி. கோச்சுக்கு அனுமதி இல்லை. எங்கள் நேரங்கள் அவருக்குத் தெரியும் என்பதால் அவர் பாரபட்சமாக நடந்துகொள்ளக்கூடும்.

முதலில் ரென்னா போனாள். மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"என்னடி கேட்டாங்க?"

"எங்க அண்ணன் பேரைச் சொல்லி ஆரம்பிச்சாங்க. பத்திரிகையில மரண அறிவிப்பைப் பாத்து எடுத்து வெச்சிருக்காங்க. அவன் பேரு உங்க வாயில எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

தோள்பட்டைப் பனிக்கட்டிக்கு மட்டும் அவளுக்கு இரண்டு புள்ளி கொடுத்தார்கள். அதை மருத்துவ உதவியாளரின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்களாம்.

நான் உள்ளே போனேன். நாரை எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டது.

"பயப்படாதேம்மா," என்றார் டாக்டர் விக்கம். "நாங்க யாரையும் கஷ்டப்படச் சொல்றதில்ல. கஷ்டப்பட்டிருந்தா அதை வீணாக்காதீங்கன்னுதான் சொல்றோம். இப்போ போன ஒருத்தி கிட்ட எவ்வளவு இருக்கு, பாத்தியா? எல்லாம் அப்படியே உள்ள கெடக்கு. ஊருக்கு உதவாம." தாளைப் புரட்டினார். "உனக்கு அப்பா அம்மா?"

"இருக்காங்க."

"ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

"சந்தோஷமாவா?"

"ரொம்ப."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பரவாயில்ல. எல்லாருக்கும் எல்லாம் அமைஞ்சுடாது."

சங்கத் தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். வெந்நீர்த் தொட்டி விற்றுப் பெரிய ஆளானவர். "ஏதாவது யோசிச்சுப் பாரேன்மா. உன்னைப் போட்டு வாட்டற விஷயம். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. பெருசாக்கிக்கலாம்."

நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி இடது பக்கம் கேமராவைப் பார்க்கவில்லை. நாரையின் கால்களைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறக் காலுறைக்குள் யாரோ ஒருவனுடைய ஓட்டக் காலணிகள் புடைத்துக்கொண்டிருந்தன.

"எனக்கு ரென்னா மேல பொறாமை," என்றேன்.

டாக்டர் விக்கம் பேனாவை மறுபடி எடுத்தார்.

"அவ கை தண்ணியில போறது பிடிக்கல. அவ நல்லா நீந்தினா அன்னிக்கு எனக்கு சாப்பாடு எறங்காது. அவ தோள்பட்டை வலிக்குதுன்னா பனிக்கட்டி நான்தான் எடுத்துக் குடுப்பேன். குடுக்கும்போது வலி நாளைக்கும் இருக்கணும்னு நெனப்பேன். அவங்க அண்ணன் செத்த அன்னிக்கு சமையலறையில அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அவ அழுதா. நானும் அழுதேன். அப்போ என் மனசுல ஒண்ணு ஓடுச்சு. இனி ரெண்டு வாரம் இவ பயிற்சிக்கு வரமாட்டா."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. நாரையின் அலகு மெல்லத் தரையை நோக்கிச் சாய்ந்தது.

"கார்லா," என்றார் டாக்டர் விக்கம். குரல் கம்மியிருந்தது. "இது பதிவாச்சா?"

"ஆச்சு, டாக்டர்."

"பொறாமைன்னு நம்ம அட்டவணையில இல்லையே."

"இதரவுல போடலாம். நாற்பது வரைக்கும் குடுக்கலாம்."

"முப்பத்தெட்டு," என்றார் அவர்.

"ரெண்டு ஏன் கொறைச்சுட்டீங்க?" என்று சங்கத் தலைவர் கேட்டார்.

"அழலையே."

பிற்பகலில் கோச்சின் கதவில் பதினெட்டாவதாக என் பெயர் ஒட்டப்பட்டது. கோச் ஸ்டென் அதை ஒட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் போனார். மூன்று வருடமாக எத்தனையோ முறை அந்தக் கதவை மனதில் பார்த்திருக்கிறேன். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நேரம் எழுதியிருக்கும். இப்போது அங்கே நேரம் இல்லை. 'முப்பத்தெட்டு' என்று இருந்தது.

அடுத்தது வீடியோ. போட்டியன்று நான் குதிமேடையில் ஏறுவதற்கு முன் பெரிய திரையில் தொண்ணூறு வினாடி ஓடும். 'தன்னோடு போராடும் ஹெட்டி' என்று பெயர் வைத்தார்கள். கடைசிப் பத்து வினாடியில் ரென்னா என்னை மன்னித்து அணைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் 'பொறாமைக்கு உள்ளானவர் ஒப்புதல்' என்று புதிதாக ஒரு படிவம் அச்சடித்து, நேராக அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணையில் நான் பேசியது ஒரு சொல் குறையாமல் அதன் பின்பக்கத்தில் இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பையைக் கீழே வைக்காமல் நின்றேன். அவள் கடைசி வரிக்கு வந்து, திரும்ப மேலே போய், மறுபடி கடைசி வரிக்கு வந்தாள்.

"ரெண்டு வாரமா?" என்றாள்.

"நீ பத்து நாள்ல வந்துட்டே."

"அந்தப் பத்து நாள்ல நீ எவ்வளவு கொறைச்சே?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஒண்ணு புள்ளி ரெண்டு வினாடி."

"வீணாக்கல போல."

அவள் சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். படிவத்தை இரண்டாக மடித்துத் தன் பையில் போட்டாள்.

"கையெழுத்து போடறேன். நாளைக்கு மத்தியானம் குளத்துக்கு வா."

"எதுக்கு?"

"இருபது நிமிஷம் ஓய்வு எடுத்தாச்சு. ரெண்டு வாரம் ஆச்சு."

மத்தியானம் பன்னிரண்டு முதல் பன்னிரண்டே முக்கால் வரை குளம் காலியாக இருக்கும். வயதானவர்களின் தண்ணீர் உடற்பயிற்சி முடிந்து, பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பிறகு நாங்கள் இறங்கினோம். சுவரில் நேரம் பதியும் தொடுபலகைகள் அணைந்திருந்தன. மேலே அகப்பயண அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலில் ஆள் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ஸ்டார்ட் யாரு சொல்றது?" என்றேன்.

"நீயே சொல்லு. நீ என்னை ஏமாத்த மாட்டே."

அதை ஏன் சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் எண்ணிச் சொன்னேன். குதித்தோம்.

எட்டு நீளம். முதல் இரண்டும் யாருக்கும் எளிது. மூன்றாவதில் நான் அரை உடல் முன்னால் இருந்தேன். அவள் ஏதோ தடுமாறியதுபோலத் தெரிந்தது. ஐந்தாவதில் தொடைகள் எரிய ஆரம்பித்தன. ஆறாவதில் அவள் வந்துவிட்டாள். ஏழாவதில் மூச்சுக்குத் தலை தூக்கும்போதெல்லாம் பக்கத்தில் அந்தச் சத்தமில்லாத கை. எட்டாவதில் நான் மூச்சே எடுக்கவில்லை. என்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். என் கைகள் சுவருக்குப் போனபோது அவள் கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. பத்து விரல்களும் விரிந்து, அமைதியாக.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளுடைய நீச்சல் கண்ணாடி வாயில் கிடந்தது. குதித்தபோதே கீழே இறங்கியிருக்கிறது. எட்டு நீளமும் கண்ணை மூடிக்கொண்டு, கை வீச்சை எண்ணிக்கொண்டு நீந்தியிருக்கிறாள். கண்ணாடியை இழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தாள். கண்கள் குளோரினில் சிவந்து திறக்க முடியாமல் இருந்தன.

"யாரு?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியவில்லை.

சமம் என்று சொல்லலாம். நான் என்று சொல்லலாம். குளத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"நீ," என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு கை நீளம்."

அவள் கொஞ்ச நேரம் மல்லாந்து மிதந்தாள். பிறகு ஏறி, துண்டில் கையைத் துடைத்து, பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"பசிக்குது. போலாமா?"

அவ்வளவுதான். இடத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்கவில்லை. அதுவும் அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

நான்கு மணிக்கு மாடிக்குப் போனேன்.

"நான் விலகிக்கறேன்," என்றேன். "ரென்னாதான் வேகம். நீந்திப் பாத்துட்டோம்."

டாக்டர் விக்கமின் முகம் வெளுத்தது. "ரெண்டு பேரும் நீந்தினீங்களா? யாரைக் கேட்டு? இது நீச்சல் அணிம்மா. நெனச்ச நேரத்துல தண்ணியில எறங்கறதுக்கா நாங்க இவ்வளவு பேர் உக்காந்திருக்கோம்?"

கார்லா அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள். "டாக்டர், இவ எடத்தை விட்டுக்குடுக்கறா. தியாகத்துக்கு முப்பது."

"மொத்தம்?"

"அறுபத்தெட்டு. எடம் இன்னும் உறுதியாயிடுச்சு."

"தியாகம் இல்ல," என்றேன். "அவ ஜெயிச்சா. நான் தோத்தேன்."

"தோல்வியை ஏத்துக்கறது பன்னிரண்டு," என்றாள் கார்லா. "எண்பது. இதுவரைக்கும் நீச்சல் அணியில யாரும் எடுத்ததில்ல."

டாக்டர் விக்கமின் கோபம் போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தியா? நாங்க பதக்கம் தயாரிக்கறதில்லம்மா. பதக்கம் எவன் வேணா ஜெயிக்கலாம், வேகமா போனா ஆச்சு. நாங்க மனுஷங்களைத் தயாரிக்கறோம். நீ இந்த வாசல்ல மொதல்ல வந்தப்போ உன்கிட்ட ஒண்ணுமே இல்ல. வெறும் ஆரோக்கியம். இப்போ பாரு, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு."

"இது கொறையறதுக்கு என்ன வழி?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் கேட்டதில்லை போலும்.

"கொறையாதே," என்றாள் கார்லா. "குணமானாத்தான் உண்டு. படிவம் ஏழு. எல்லாம் ரத்தாயிடும். வீடியோவும் போயிடும்."

"அதைக் குடுங்க."

தேட அரைமணி நேரம் ஆனது. அச்சடித்த கட்டு பிரிக்கப்படாமல் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஒரு வரி. 'எனக்கு இப்போது எந்த வேதனையும் இல்லை. நான் நலமாக இருக்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"நல்லா யோசிச்சுக்கோ," என்றார் டாக்டர் விக்கம். உண்மையாகவே கவலைப்பட்டார். "குணமாயிட்டா உனக்கு எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அந்தப் பொண்ணு ரெண்டே பாயிண்ட்ல போயிடுவா. ரெண்டு. வெறும் பனிக்கட்டி."

ஜன்னலுக்குக் கீழே மாலைப் பயிற்சி தொடங்கியிருந்தது. நான்காம் தடத்தில் ரென்னா போய்க்கொண்டிருந்தாள். மேலிருந்து பார்த்தால் அவள் தண்ணீரை வேலை வாங்குவதுபோலவே தெரியாது. வாழ்க்கையில் அவ்வளவு பொறாமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்த நேரத்தில் யாராவது அளந்திருந்தால் நாற்பதுக்கு நாற்பது வந்திருக்கும்.

நான் நலமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒரே பொய் அது. அதை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை.

மண்டலப் போட்டிக்கு அம்மாவும் அப்பாவும் வழக்கம்போல ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் தண்ணீரில் இல்லை என்று சொல்லியும் வந்தார்கள். பார்வையாளர் வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இருநூறு கெஜத்துக்கு எட்டுப் பேர் வந்து நின்றார்கள். மற்ற ஏழு பேருக்கும் அவரவர் பல்கலைக்கழகம் எடுத்த வீடியோ பெரிய திரையில் ஓடியது. அரங்கம் ஏழு முறை மூக்கை உறிஞ்சியது. ரென்னாவுக்குப் போட ஒன்றும் இல்லை. நீலத் திரையில் பெயரும் தட எண்ணும் மட்டும் வந்தன. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உனக்கு வருத்தமா இல்லையாடி?" என்று அம்மா என் காதருகே கேட்டாள்.

"இல்லம்மா. குணமாயிட்டேன்."

குதித்தார்கள். முதல் நீளத்திலேயே நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆறாவதில் அவள் மூன்றாவதாக இருந்தாள், ஏழாவதில் இரண்டாவதாக. கடைசித் திருப்பத்தில் அவள் தோள் பிடித்துக்கொள்ள வேண்டும், மூச்சு முட்ட வேண்டும், சுவருக்கு முன் கை தளர வேண்டும் என்று முழு மனதோடு வேண்டிக்கொண்டே, தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்தினேன்.